மூன்று வால், ஒற்றை நகம்

ஜனவரி 7, புதன்

தாண்டிக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி இரண்டு. தம்பி நாகு ஜீப்போடு நின்றிருந்தான். "என்னக்கா, ஆறு வாரத்துக்கு இம்புட்டு மூட்டையா" என்றான். மூட்டையில் முக்கால்வாசி கல்லூரியுடையது. வலை, வெள்ளை எனாமல் தட்டு மூன்று, ஸ்பிரிட், சின்னக் கண்ணாடிக் குப்பிகள் இருநூறு. மைக்ராஸ்கோப்பைத் துண்டில் சுற்றி வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் குழந்தையோ என்று எட்டிப் பார்த்தார்.

வேலை இதுதான். ஆலடிக்காட்டுக்குக் கீழே இருக்கிற ஊரில் அறுபது வீடு. அவர்களுக்கு ஓடையிலிருந்து குழாய் போடப் போகிறார்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று எங்கள் விலங்கியல் துறையைக் கேட்டிருக்கிறார்கள். துறைத் தலைவர் ஹெப்சிபா மேடத்துக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதிப்பதில் நம்பிக்கை கிடையாது. பாட்டில் அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லும், பூச்சி பல மாதத்தைச் சொல்லும் என்பார். ஓடைக் கல்லடியில் ஒருநாள் பூச்சியின் லார்வா இருக்கும். புத்தகத்தில் மேஃப்ளை என்று போட்டிருப்பார்கள். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். அதை மூன்று இடத்தில் பிடித்து எண்ண வேண்டும். இடம் ஒன்று காட்டோரம். இடம் இரண்டு தட்டைப்பாறை. இடம் மூன்று கீழ் ஊர்த் துறை.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் கரையோரம் ஒரே ஒரு கட்டடம். என் தம்பி நாகேந்திரனின் ஹோம்ஸ்டே. ஆறு அறை, போன ஆவணியில்தான் திறந்தான். அவன் மதுரையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து கட்டினது. இரண்டாம் இடத்தில் பூச்சி இல்லை என்று நான் எழுதினால் பஞ்சாயத்து அதை மூடச் சொல்லும். அங்கேயே ஓர் அறையில் தங்கித்தான் எண்ணப் போகிறேன். மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஜனவரி 8, வியாழன்

காலை ஏழு மணி, இடம் ஒன்று. மரங்களுக்குள் பனி இன்னும் எழுந்து போகவில்லை. முழங்கால் தண்ணீரில் வலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, வலைக்கு மேல்பக்கம் நின்று காலால் கல்லைக் கிளறினேன். ஒரு நிமிடம். கல்லில் ஒட்டியிருப்பதெல்லாம் அடித்துக்கொண்டு வந்து வலையில் விழும். தட்டில் கவிழ்த்தால் முதலில் சருகும் மணலும்தான் தெரியும். அவசரப்படக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு சருகின் ஓரம் நகரும். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க நடமாட்டம்.

கல்லூரிப் பிள்ளைகள் வாலை எண்ணிவிட்டு ஓடிவிடுவார்கள். மூன்று வால் என்றால் ஒருநாள் பூச்சி, இரண்டென்றால் வேறு. அந்த வால் நூல் மாதிரி, வலையில் பட்டாலே ஒடிந்துவிடும். அதை நம்பி என்ன செய்வது? வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள் இருக்கிறதா, ஒவ்வொரு கால் நுனியிலும் ஒரே ஒரு நகம்தானா என்று பார்க்க வேண்டும். மற்றதற்கு இரண்டு நகம். எனக்கு டிகிரி கிடையாது, இருபத்திரண்டு வருடமாக லேப் அசிஸ்டெண்ட். ஆனால் இந்த நகத்தைப் பார்ப்பதில் துறையில் யாரும் என் கிட்டே வர முடியாது. இதை எழுதிவைக்க எனக்கு வெட்கமில்லை.

ஐம்பத்தேழு. நல்ல ஓடை.

திரும்பும்போது தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. தண்ணீர்ச் சத்தம் காதிலேயே தங்கிவிட்டது. தம்பி மனைவி பிரமிளா "மதினி, இட்லி ஆறுது" என்று மூன்று தடவை கூப்பிட்டாளாம்.

ஜனவரி 9, வெள்ளி

இடம் இரண்டு. ஹோம்ஸ்டேயிலிருந்து இருநூறு அடி கீழே. மூன்று. வலையில் ஓட்டை இருக்கும் போல. தைக்க வேண்டும்.

ஜனவரி 10, சனி

வலையில் ஓட்டை இல்லை. இரண்டு. சிவப்புப் புழு முப்பது. அது எந்தச் சாக்கடையிலும் இருக்கிற புழு, இங்கே எப்படி வந்தது என்று தெரியவில்லை. குளிர் அதிகம், அதனாலும் இருக்கலாம்.

ஜனவரி 12, திங்கள்

சனி ஞாயிறு விருந்தாளிகள் போனதும் திங்கள் துவைக்கிற நாள். பிரமிளாவோடு நானும் உட்கார்ந்தேன். பன்னிரண்டு விரிப்பு, இருபது துண்டு. காபிச் செடிகளுக்கு நடுவே கொடி கட்டிக் காயப்போட்டோம். காற்றில் விரிப்புகள் உப்பி உப்பி அடங்கின. நடுவில் நின்றபோது எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் ஓடை என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. அப்படியே நின்றுகொண்டிருக்கலாம் போல இருந்தது.

"தொவச்ச தண்ணியெல்லாம் எங்க போகுது?"

"குழிக்குத்தான் மதினி. கக்கூசுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு, ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. அவரே நின்னு தோண்டுனது."

குழி ஓடையிலிருந்து பத்தடி. மேலே சிலாப் போட்டு மூடி, சுற்றிச் செம்பருத்தி வைத்திருக்கிறான். இந்தக் குளிரிலும் செம்பருத்தி அள்ளிப் பூத்திருக்கிறது. வேருக்கு நல்ல ஈரம் போலும்.

சாயங்காலம் தட்டைப்பாறைப் பக்கம் போனேன். பாறை இடுக்கில் வெள்ளையாக நுரை. தண்ணீர் விழுந்து எழுகிற இடத்தில் நுரை வருவது இயற்கை. எலுமிச்சை வாசனை அடித்தது. மேலே எங்காவது எலுமிச்சை மரம் நிற்கும்.

ஜனவரி 13, செவ்வாய்

மழை மேகம். வெளியே போகவில்லை. இடம் ஒன்றில் பிடித்த ஒன்றை உயிரோடு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். செவுள் ஏழு ஜோடி. முன்னாலிருந்து பின்னாலே ஒன்றன்பின் ஒன்றாக அசைந்துகொண்டே இருக்கிறது, நிற்பதே இல்லை. இதுதான் அது மூச்சு விடுவது. பார்த்துக்கொண்டே இருந்ததில் என் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது.

மாதக்கணக்கில் தண்ணீருக்குள் இருந்துவிட்டு ஒருநாள் வெளியே வரும். சில வகை தண்ணீர்மேலேயே முதுகைப் பிளந்து பறந்துவிடும், தோல் மிதந்து கீழே போகும். சில வகை கல்லைப் பிடித்து ஏறி, தண்ணீருக்கு வெளியே வந்து உரிக்கும். தோல் கல்லைப் பிடித்தபடியே நின்றுவிடும். வெளியே வந்த பூச்சிக்கு உருப்படியான வாய் கிடையாது, சாப்பாடு கிடையாது. ஒருநாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள்.

நாகுவுக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு. அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினொன்று. அம்மா மில்லுக்குப் போய்விடுவாள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிச் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவன் நெஞ்சில் கை வைத்து நான்தான் எண்ணுவேன். என் வாழ்க்கையில் முதன்முதலில் எண்ணினது அதைத்தான். ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன். அது பழைய கதை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஆறு அறையும் நிறைந்துவிட்டது, பதினெட்டுப் பேர். நாகு வெந்நீர் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தான். நடுவில் என்னிடம் வந்து, "அக்கா, இந்தத் தைக்கு ரூமு இல்லன்னு ஏழு பேரத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றான். அவன் பேச்சில் இவ்வளவு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் கேட்கவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பூச்சி எண்ணவில்லை.

ஜனவரி 19, திங்கள்

இன்று விரிப்பு முப்பத்தாறு.

தட்டைப்பாறையில் பாசி பிடித்து வழுக்குகிறது. விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் மைக்ராஸ்கோப்பை யார் தூக்குவது? இரண்டாம் இடத்தைப் பதினைந்து அடி மேலே தள்ளிவைத்துக்கொண்டேன். ஓடை ஒன்றுதானே.

ஜனவரி 20, செவ்வாய்

புதிய இரண்டாம் இடம். இருபத்துமூன்று. சில சற்று வெளிறினவை. மூன்று வால், ஒற்றை நகம், எல்லாம் சரியாக இருக்கிறது. எண்ணிக்கையை மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். தண்ணீருக்கடியில் படுத்திருக்கிற மாதிரியும் மேலே யாரோ கல்லைப் புரட்டுகிற மாதிரியும் கனவு.

ஜனவரி 22, வியாழன்

இடம் மூன்று, கீழ் ஊர்த் துறை. மூன்றே மூன்று.

ராக்கம்மாள் என்று ஒரு பெண் இரண்டு குடத்தோடு வந்தாள். இடுப்பில் ஒரு வயசுப் பெண் குழந்தை. நான் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"இதுகளா தண்ணி நல்லாருக்கா இல்லையான்னு சொல்லும்?"

"ஆமா."

"என்னம்மா சொல்லுதுக?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"சீக்கிரம் பாருங்க. போன வாரம் பூராவும் இவளுக்கு வயித்தால போயி, துணி மாதிரி கெடந்தா. சுட வச்சுத்தான் குடுக்குறேன். வெறகு சேக்கணும்ல, எந்நேரமும் சுட வைக்க முடியுமா?"

குழந்தை தட்டுக்குள் விரலை விட்டது. பூச்சி விரலைச் சுற்றிப் போனதைப் பார்த்துச் சிரித்தது. நான் தட்டைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பிரமிளாவின் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 24, சனி

மேடம் போன் செய்தார். "இந்திராணி, ஒன்றில் ஐம்பத்தேழு, மூன்றில் மூணு, நடுவுல இருபத்துமூணா? இரண்டாம் இடத்துக்கும் துறைக்கும் நடுவுல கட்டடமே இல்லையே, என்னமோ உதைக்குதே. இரண்டாம் இடத்துக் குப்பிகளைத் திங்கக்கிழமை பஸ்ல குடுத்து விடுங்க, நானே பார்க்கிறேன்." சரி மேடம் என்றேன். அவர் என் கண்ணைச் சந்தேகப்பட்டதே கிடையாது. இதையும் சந்தேகமாக அவர் சொல்லவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

விருந்தாளிகள் பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். நாகு கையைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். "மூணு வாரமா என்னமோ பாத்துக்கிட்டே இருக்கியே. எனக்கும் காட்டு." மேசை மேலே இரண்டாம் இடத்துக் குப்பிகள்தான் இருந்தன. வேறு எதையாவது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"வாலு மூணு."

"ஆமா."

"அசையலையே."

"ஸ்பிரிட்டுல போட்டது எப்படிடா அசையும்?"

"அதில்லக்கா. உள்ள ஒண்ணுமே இல்ல. முதுகு பொளந்திருக்கு பாரு. காட்டுல பாம்புச் சட்டை கெடக்குமே, அந்த மாதிரி."

அவன் அடுத்த குப்பியை எடுத்தான். அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டு வலப்பக்கம், இடப்பக்கம் என்று பிரித்து வைத்தான். கெட்டிக்காரன், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடைசியில் வலப்பக்கம் பத்தொன்பது, இடப்பக்கம் நாலு.

"இந்தத் தோலெல்லாம் எங்கிருந்து வந்தது?"

"மேல காட்டோரத்துல உரிச்சது. மெதந்து வந்து வலையில மாட்டும்."

"மீதி நாலு?"

"உசுரோட புடிச்சது. ஆனா தட்டைப்பாறையில இல்ல. பதினஞ்சடி மேல."

"தட்டைப்பாறையில எத்தன?"

இருபத்திரண்டு வருடம். பாம்புச் சட்டையைப் பார்த்த கண்ணுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்துதான் எண்ணினேன். இதை எழுதுகிற கை இப்போதுதான் எழுதுகிறது, அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லன்னே வச்சுக்கோ" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் குழியும் செம்பருத்தியும் தெரியும்.

"ஊசி வேணாம்க்கான்னு நான் அழுதேன்னு அம்பத்திரண்டு மூச்ச முப்பதுன்னு சொன்ன. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், அப்புறம் அழும். உதடெல்லாம் நீலமாயி ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். டாக்டரம்மா திரும்ப எண்ணலைன்னா நான் இல்ல." மேசைப் பக்கம் திரும்பினான். "அன்னைக்குக் கொறச்சுச் சொன்ன. இன்னைக்குக் கூட்டிச் சொல்லியிருக்க."

அதற்குப் பிறகு போய்விட்டான். மேசை மேலே பத்தொன்பது தோலையும் வரிசையாக வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஜனவரி 26, திங்கள்

குப்பிகளை அனுப்பவில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன். தம்பி வீடு என்பதிலிருந்து பதினைந்து அடி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் தேதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "ஆளை மாத்தறதுதான் முறை. புதன்கிழமை நானே வர்றேன். நீங்க எடுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

நாகுவிடம் சொன்னேன். கடப்பாரையால் சிலாப்பைத் தூக்கிக் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடைப் பக்கச் சுவரில் ஈரம் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. "உன் வேல. நீ செய்யி" என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரி 28, புதன்

இடம் இரண்டு, தட்டைப்பாறை. பாசி அப்படி ஒன்றும் வழுக்கவில்லை. மூன்று தடவை வலை போட்டேன். மேடம் பக்கத்தில் நின்றார்.

ஒருநாள் பூச்சி: இல்லை. சிவப்புப் புழு: நாற்பத்தொன்று. தோல்: ஆறு, கணக்கில் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

வேலை முடிந்தது. போன வாரமே பஞ்சாயத்துத் தாள் வந்துவிட்டது. குழிகளை ஓடைக்கு எட்டாமல் மாற்றிக் காட்டும்வரை ஹோம்ஸ்டே மூடியிருக்க வேண்டும், கீழ் ஊருக்குக் குழாய் காட்டோரத்திலிருந்து, கட்டடத்துக்கு மேலேயிருந்து வரும். நான் இருக்கும்போதே வந்தது. பிரமிளாதான் வாசித்தாள். இருந்த முன்பதிவையெல்லாம் அவளே போன் செய்து வேண்டாம் என்று சொன்னாள். அந்தக் குரலை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு அவள்தான் வந்தாள். கைநிறைய மிளகு கட்டிக் கொடுத்தாள். "அவர் தோட்டத்துல இருக்காரு மதினி" என்றாள். தோட்டத்தில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்ச் 9, திங்கள்

கல்லூரியில் செய்முறைத் தேர்வு. கரப்பான் நாற்பது. நாகு போனை எடுக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

எடுக்கவில்லை. பிரமிளா எடுத்தாள். வாழைத் தோப்புக்குள், சரிவுக்கு அந்தப் பக்கம் புதுக் குழி தோண்டுகிறானாம். ஆள் வைக்காமல் தானே. "விரிப்பையெல்லாம் இனிமே வத்தலக்குண்டுல குடுத்து வெளுக்கணும்ங்கிறாரு. என்கிட்டயே நாலு வார்த்தைக்கு மேல பேசறதில்ல மதினி" என்றாள்.

ஏப்ரல் 18, சனி

மலையில் மழையாம். காபி பூத்திருக்கிறதாம். இங்கே லேப்பில் மின்விசிறி ஓடவில்லை. மேசையில் தலை வைத்துக் கண்ணை மூடினால் தண்ணீர்ச் சத்தம் வருகிறது. அந்த விரிப்புகளுக்கு நடுவில் நின்றது ஞாபகம் வருகிறது. நான் எழுதினது சரி. அவனைப் பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

மே 24, ஞாயிறு

காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கண்டக்டர் கூப்பிட்டார், உங்க பேருக்கு ஒரு பார்சல், சரியான கனம், வந்து தூக்கிட்டுப் போங்க என்று. செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி. உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு கல்.

தேங்காய் அளவுக் கருங்கல். பாதிக்கு மேல் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறது, கோட்டுக்குக் கீழே பாசி காய்ந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே, இரண்டு விரல் உயரத்தில், ஒரு தோல். ஆறு காலாலும் கல்லைப் பிடித்தபடி, முதுகு பிளந்து. மலையிலிருந்து இத்தனை வளைவு இறங்கி வந்தும் பிடியை விடவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, ஆடாமல் நூலால் கட்டியிருந்தான்.

பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம். நாகுவின் கையெழுத்து.

"அக்கா, தட்டைப்பாறைய ஒட்டினாப்பல எடுத்தது. தண்ணிக்கு வெளிய இருந்தது, மெதந்து வந்ததில்ல. வாலு மூணு. நகம் எத்தனன்னு என் கண்ணுக்குத் தெரியல. நீ எண்ணு. கூட்டாம, கொறைக்காம."

ஞாயிற்றுக்கிழமையில் லேப் சாவியை வாங்கிக் கல்லை அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். லென்சைக் கிட்டே கொண்டுபோனேன். வலது முன்னங்கால், ஒரு நகம். இடது முன்னங்கால், ஒன்று. ஆறு காலையும் பார்த்தேன். திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். பிறகு கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மூன்றாவது தடவை பார்த்தேன்.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஒத்த நகம்டா."

"அப்ப அதுதானா?"

"அதேதான். அங்கனயே வளந்து ஏறினது."

"எத்தன தரம் பாத்த?"

"மூணு தரம்."

"எத்தனன்னு எழுதுவ?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா."

"ஒண்ணுதான்."

அவன் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்டது. எதிரே சுவரில் லேப் கடிகாரம். பழைய பழக்கம், எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒரு நிமிடம் முழுக்க அவனும் விட்டான், நானும் எண்ணினேன்.

பதினாறு.